ஒன் பை டூ

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் என் அக்கா மகன் பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட் ஒன்று நடத்துகிறான். ஐந்து இன்ஜெக்‌ஷன் மெஷின், ஒரு கம்ப்ரஸர், ஒரு சில்லர், முப்பது நாற்பது ஆட்கள். போன வாரம் ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் ஒரு தர்ஷினியில் நின்றோம். "ஒன் பை டூ டீ" என்று கவுன்டரில் சொன்னான். ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றித் தருவது பெங்களூர்ப் பழக்கம். குடிப்பதற்கு அல்ல, பேசுவதற்கு வாங்கும் டீ அது. சட்டைப்பையிலிருந்து நான்கு விசிட்டிங் கார்டை எடுத்துக் கல்மேசைமேல் சீட்டுப்போலப் பரப்பினான். நான்கிலும் 'எனர்ஜி கன்சல்டன்ட்' என்று அச்சடித்திருந்தது.

"இதுல யார வெச்சுக்கலாம்னு சொல்லுங்க மாமா. கரன்ட் பில் கட்டி மாளல."

2023 ஜூனில் கட்டண உயர்வும் எரிபொருள் விலைச் சரிக்கட்டலும் ஒன்றாக வந்து விழுந்த பில்லைக் கர்நாடகத்துத் தொழில்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு வீடுகளுக்கு கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டம் வந்தது. ஷெட்டுகளுக்கு கன்சல்டன்ட்கள் வந்தார்கள்.

"கார்டு இருக்கட்டும் மாப்பிள்ளை. பில்ல காட்டு."

பில் போனில்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவனுடையது 11 கிலோவோல்ட் உயரழுத்த இணைப்பு. அந்த மாதிரி பில்லில் பெரிய தொகைகள் இரண்டு. ஓடிய யூனிட்டுக்கு ஒரு பணம். 'எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கும்' என்று மின் விநியோக நிறுவனமான பெஸ்காமிடம் எழுதிக்கொடுத்திருக்கிறோமே, அந்த ஒப்பந்த அளவை ஒட்டி இன்னொரு பணம். இரண்டாவதன் பெயர் டிமாண்ட் சார்ஜ். கல்யாணச் சமையலுக்கு ஐந்நூறு இலை சொல்லிவிட்டு முந்நூறு பேர் வந்தால் சமையல்காரர் முந்நூறுக்கா காசு வாங்குவார்? அதே நியாயம்தான் இங்கேயும். மீட்டரில் எவ்வளவு குறைவாகப் பதிவானாலும், ஒப்பந்த அளவின் பெரும்பங்குக்குக் கட்டித்தான் ஆகவேண்டும்.

இவனுடைய ஒப்பந்தம் 200 கேவிஏ. மீட்டர் பதிந்திருந்த உச்சம் 120. பணம் போயிருந்ததோ 170-க்கு. அந்த ஷெட்டில் முன்பு இருந்தவர் ஹீட் ட்ரீட்மென்ட் உலை வைத்திருந்தாராம். இணைப்பு அப்படியே இவன் தலையில் வந்திருக்கிறது. கேவிஏவுக்கு மாதம் 300 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் 50 கேவிஏவுக்கு 15,000, வருஷத்துக்கு 1,80,000. எடுக்காத மின்சாரத்துக்கு.

"இதக் குறைக்க சப்-டிவிஷன்ல ஒரு அப்ளிகேஷன் போதும். ஆனா அடுத்த வருஷம் புது மெஷின் போடப்போறியான்னு யோசிச்சுட்டுப் போடு. குறைச்ச அளவத் தாண்டுனா அபராதக் கட்டணம் வரும்."

"நாலு பேரும் ஷெட்டுக்கு வந்து பாத்தாங்க மாமா. ஒருத்தருக்குக்கூடவா இது தோணல?"

"தோணியிருக்கும். சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அவன் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

கன்சல்டன்ட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் படிப்பு, அனுபவம், கட்டணம் என்று விசாரிப்பார்கள். நான் அதற்கெல்லாம் முன்பு ஒன்று கேட்பேன்: இவர் கூலி யாரிடமிருந்து வருகிறது? திறமை அடுத்த கேள்வி. கூலி வேறு இடத்திலிருந்து வருகிற திறமைசாலி, திறமையில்லாதவரைவிட ஆபத்து.

இந்த ஊருக்கு மின்சாரம் வந்த கதையையே எடுத்துக்கொள்ளலாம். காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பலாமா என்பது 1890களின் இறுதியில் மைசூர் சமஸ்தானத்தின் முன்னால் இருந்த கேள்வி. அவ்வளவு தொலைவுக்குக் கம்பி இழுத்தவர்கள் அப்போது உலகத்திலேயே குறைவு. ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர் சமஸ்தானத்தின் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்தார். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், எந்தக் கம்பெனி என்ன செய்யக்கூடும் என்று விசாரித்துவந்தார். டர்பைன் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிடமிருந்தும், மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்தும் வாங்கப்பட்டன. 1902-ல் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வேலை செய்த அதே சுரங்கம். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல். இந்த மண்ணில் மின்சாரத்தின் முதல் பெரிய வாடிக்கையாளர் வீடு அல்ல, தொழில். திட்டத்துக்குத் துணை நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் மின்சாரம் பாய்வதைப் பார்க்காமலே 1901-ல் இறந்துபோனார் என்பது தனிச் சோகம். நான் சொல்லவந்தது லோட்பினியரைப் பற்றி. அவருக்குச் சம்பளம் கொடுத்தது வாங்குகிற மைசூர், விற்கிற கம்பெனி அல்ல.

முதல் கார்டைப் புரட்டினேன். 'இலவச எனர்ஜி ஆடிட்' என்று பின்பக்கத்தில் இருந்தது. கூரையில் சோலார் பலகை போடுகிற கம்பெனியின் ஆள். சோலார் நல்ல பொருள்தான். அதை விற்கிறவர் சோலார்க்காரர் என்றே கார்டில் போட்டுக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை. பல் டாக்டரிடம் முதுகுவலிக்கு ஆலோசனை கேட்டால் அவர் வாயைத்தான் திறக்கச் சொல்வார். அதை ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது கார்டு கொஞ்சம் கனமான விஷயம். "பாவகடா பக்கம் சோலார் பிளான்ட்லேந்து கரன்ட் வாங்கித் தர்றேன்கிறார் மாமா. யூனிட்டுக்கு ரெண்டு ரூபா குறையும், நீங்க கொஞ்சம் ஷேர் வாங்கினா போதும்கிறார்."

இதற்கு குரூப் கேப்டிவ் என்று பெயர். பல தொழில்கள் சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் பங்கு வைத்துக்கொண்டு, அதன் மின்சாரத்தைச் சொந்த மின்சாரமாகப் பயன்படுத்துவது. வெளியே வாங்கினால் விழுகிற கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் இதில் விழாது. லாபமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் 2005-ன் மின்சார விதிகள் இரண்டு நிபந்தனை போடுகின்றன. பயனாளிகள் கையில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும். அந்த நிலையத்தின் ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டை அவர்களே, பங்குக்கு ஏற்ற அளவில், பயன்படுத்த வேண்டும். ஏதோ ஒரு வருஷம் இது தவறினால் அந்த வருஷத்துக்கு 'கேப்டிவ்' என்ற தகுதியே போய்விடும், சர்சார்ஜ் திரும்பி வரும். கூட்டாளிகளில் பெரிய ஆலை ஒன்று ஆர்டர் இல்லாமல் படுத்தால், ஷிப்டையெல்லாம் ஒழுங்காக ஓட்டிய உனக்கும் அடி விழலாம்.

"நீ இருக்கறது வாடகை ஷெட்டு. லீஸ் எத்தன வருஷம்?"

"மூணு."

"அவர் நீட்டுற அக்ரிமென்ட்?"

"பத்துன்னு நினைக்கிறேன்."

இன்னொன்றும் சொன்னேன். விதிகள் இங்கே கல்வெட்டு இல்லை. 2018 மார்ச்சுக்குள் தொடங்கும் சோலார் நிலையங்களுக்குப் பத்து வருஷம் மின்சாரம் கடத்தும் கட்டணம், சர்சார்ஜ் எதுவும் கிடையாது என்று கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒருகாலத்தில் சலுகை கொடுத்தது. மாநிலத்தில் சோலார் பொங்கியதற்கு அது பெரிய காரணம். பிந்தி வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லவில்லை. 2022-ல் மத்திய அரசு பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளைக் கொண்டுவந்து, வெளியே மின்சாரம் வாங்குவதற்கு 1 மெகாவாட் என்றிருந்த வாசலை 100 கிலோவாட்டுக்கு இறக்கியது. சின்ன ஷெட்டுகளின் கதவை இந்தப் புரோக்கர்கள் தட்ட ஆரம்பித்தது அப்புறம்தான். 2024 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதிகளையே ரத்துசெய்துவிட்டது. ஆகவே, பத்து வருஷ லாபத்தை எக்ஸெல் தாளில் நேர்கோடாக இழுத்துக் காட்டுகிறவரிடம், விதி மாறினால் நஷ்டம் யார் தலையில் என்று அக்ரிமென்டின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பக்க எண்ணைச் சொல்லட்டும்.

இரண்டாவது கார்டுக்காரருக்கான கமிஷன் மின் நிலையக்காரரிடமிருந்து வருகிறது என்பதை அவன் இதற்குள் தானாகவே சொல்லிவிட்டான். கமிஷன் வாங்குவது குற்றமில்லை, மறைப்பதில்தான் வினை. பிரிட்டனில் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மின்சார ஒப்பந்தம் பிடித்துக்கொடுக்கும் புரோக்கர்கள் தங்கள் கமிஷனை யூனிட் விலைக்குள்ளேயே கரைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் தமிழருக்கு, தான் புரோக்கருக்குக் காசு கொடுப்பதே தெரியாமல் இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து, மிகச்சிறு தொழில்களுக்கான ஒப்பந்தங்களில் அந்தத் தொகையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கட்டாயப்படுத்தியது. நாம் யாரும் ஆணையிடும்வரை காத்திருக்க வேண்டாம். 'இந்த வேலையில் வேறு எவரிடமிருந்தும் நான் கமிஷன் பெறவில்லை. பெற்றால் தெரிவிப்பேன்' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி கேட்டால் போதும். எழுதித் தருவதற்குள் சிலர் காணாமல் போவார்கள். அதுவும் ஒரு சல்லடை.

எனக்கு இந்தப் புத்தி காசு கொடுத்து வந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒன்றில் ஒரு கன்சல்டன்டின் பேச்சைக் கேட்டுக் கண்ணில் பட்ட மோட்டாருக்கெல்லாம் வேரியபிள் டிரைவ் வாங்கி மாட்டினோம். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய ஃபேனுக்கும் பம்புக்கும் டிரைவ் அருமையான பொருள். காற்றோட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் படியை ஒட்டி ஏறி இறங்குவதால் வருவது அது. ஆனால் நாள் முழுக்க ஒரே வேகத்தில் முழுச் சுமையோடு ஓடுகிற மோட்டாருக்கு அதை மாட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை, டிரைவ் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அறிக்கையில் எல்லா மோட்டாருக்கும் ஒரே சேமிப்பு விழுக்காடு போட்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். டிரைவ் விற்றவரும் அறிக்கை எழுதியவரும் மைத்துனர்கள் என்பது ஒரு கிருஹப்பிரவேசத்தில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

"மூணாவது கார்டு பாருங்க மாமா. இவர் காசே வேணாங்கிறார். மெஷின் எல்லாம் அவரே மாத்தித் தருவாராம், மிச்சமாகுறதுல பாதிக்குப் பாதி."

இது எஸ்கோ. எனர்ஜி சர்வீஸ் கம்பெனி. திட்டம் கெட்டதல்ல, முதல் போட வசதியில்லாத ஆளுக்கு நல்ல வழியும்கூட. நாங்கள் குடித்துக்கொண்டிருந்த டீ மாதிரிதான், ஒன் பை டூ. ஆனால் டீயில் இரண்டு கிளாஸும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. யாருக்குக் குறைந்தது என்று பார்த்தாலே தெரியும். மிச்சமான மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. அது ஓடாத மின்சாரம் அல்லவா? 'மாற்றாமல் விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்கும்' என்ற ஒரு கற்பனை எண்ணிலிருந்து உண்மையான பில்லைக் கழித்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கற்பனை எண்ணுக்கு பேஸ்லைன் என்று பெயர். அதை யார் எழுதுகிறார்களோ அவர்கள் கையில்தான் வடிகட்டி.

டிஷ்யூ தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். படுக்கைவாட்டில் மாதம் எத்தனை கிலோ மோல்டிங் போனது; செங்குத்தில் எத்தனை யூனிட் ஓடியது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புள்ளி. அவன் நினைவிலிருந்து சொன்ன எண்களை முழு எண்ணாக்கிக்கொண்டோம். மாதம் 20,000 கிலோ போனபோது 24,000 யூனிட். 15,000 கிலோ போனபோது 19,500. அதாவது கூடுதலாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.9 யூனிட். அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால், ஒரு கிலோகூட உற்பத்தி இல்லாத மாதத்துக்கும் 6,000 யூனிட் காட்டுகிறது.

"ஆர்டர் குறைஞ்ச மாசம் பில் 4,500 யூனிட் இறங்கும். பாத்தியா மிச்சம், எடு பாதியன்னு ஒருத்தன் கேட்டா குடுத்துடுவியா?"

"அது ஆர்டர் இல்லாம இறங்குனது."

"அதத்தான் அக்ரிமென்ட்ல எழுதணும். கோடு இது, கோட்டுக்குக் கீழ எவ்வளவு வந்துச்சோ அதுதான் மிச்சம்னு."

அவன் கிலோவுக்கு யூனிட் என்று மட்டும் பார்ப்பவன். அப்படிப் பார்த்தால் ஆர்டர் குறைந்த மாதத்தில் 1.2 இருந்தது 1.3 ஆகி, ஆட்கள் மெஷினை வீணாக ஓட்டுகிறார்கள் என்று சூப்பர்வைசரைத் திட்டியிருப்பான். திட்டியும் இருக்கிறான். அந்த 6,000 யூனிட் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். வேலை இல்லாதபோதும் தின்கிற ஏதோ ஒன்று ஷெட்டுக்குள் இருக்கிறது.

நான்காவது கார்டில் பெயருக்குக் கீழே 'சர்டிஃபைடு எனர்ஜி ஆடிட்டர்' என்றிருந்தது. 2001-ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு அமைத்த பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி இதற்குத் தேசிய அளவில் தேர்வு வைக்கிறது. மூன்று தாள் தேறினால் எனர்ஜி மேனேஜர், நான்கும் தேறினால் ஆடிட்டர். சும்மா கார்டில் போட்டுக்கொள்ளும் பட்டம் இல்லை. பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். இவர்களில் அனுபவம் கூடியவர்களுக்கு அக்ரெடிடேஷன் என்று மேலே ஒரு படி உண்டு. சட்டப்படி கட்டாய ஆடிட் செய்யவேண்டிய பெரிய ஆலைகளுக்குத்தான் அது தேவை. மாநில அளவில் இந்தச் சட்டத்தைக் கவனிப்பது கர்நாடக அரசின் கே.ஆர்.இ.டி.எல். நிறுவனம்.

"ஆனா இவர்தான் மாமா காசு கேக்கறார். மத்த மூணு பேரும் கேக்கல."

"அதனாலதான் இவர்கிட்ட முதல்ல பேசச் சொல்றேன்."

சர்டிஃபிகேட் இருப்பதாலேயே ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. என் சோதனை எளிது. முதல் சந்திப்பில் அவர் எதைக் கேட்கிறார் என்று பார்ப்பேன். பில்லைப் பார்க்காமல் '30 விழுக்காடு குறைத்துத் தருகிறேன்' என்று ஆரம்பிப்பவர் ஜோசியர். ஒரு வருஷ பில்லையும் உற்பத்திக் கணக்கையும் அனுப்பச் சொல்பவர் வேலைக்காரர். அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றை, வாடிக்கையாளர் பெயரை அடித்துவிட்டு, காட்டச் சொல்லலாம். அதில் மோட்டாரின் தகட்டில் பொறித்த எண்ணை எடுத்துப் பெருக்கியிருக்கிறாரா, அல்லது எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கருவியில் அளந்தது என்று இருக்கிறதா? தகட்டைப் படிக்க உன் எலக்ட்ரீஷியன் போதும். இரண்டாவது ஷிப்டில் ஒருதரம், எல்லாம் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் வருவாரா என்று கேட்டால் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

உன் தொழிலின் எந்திரம் தெரிந்தவராக இருப்பது பிறகு வருகிற சௌகரியம். ஹைட்ராலிக் மோல்டிங் மெஷினில், அச்சுக்குள் பிளாஸ்டிக் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பழைய பம்ப் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ பம்ப் அந்த நேரம் ஏறக்குறைய நின்றுவிடும். பேரல் ஹீட்டருக்குச் சட்டை போடாவிட்டால் அது ஷெட்டைச் சூடாக்கும். ஷெட்டின் வெக்கைக்கு ஃபேன் ஓடும். இதெல்லாம் ஐ.டி. பார்க்கின் ஏசியை மட்டுமே ஆடிட் செய்த ஆளுக்குச் சட்டென்று பிடிபடாது. இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த அமுல்ய ரெட்டி திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மனிதருக்கு வேண்டியது மின்சாரம் அல்ல, அது செய்துகொடுக்கிற வேலை: வெளிச்சம், குளிர்ச்சி, அசைவு. கணக்கை அந்த முனையிலிருந்து தொடங்கு என்பார். நல்ல ஆடிட்டர் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து வர மாட்டார், அச்சுப் பக்கத்திலிருந்து வருவார்.

கூலியை எப்படிப் பிரிப்பது என்று கேட்டான். அளப்பதற்கும் அறிக்கைக்கும் ஒரு பகுதி, சொன்னதைச் செய்து முடித்துத் திரும்ப அளந்து காட்டிய பிறகு ஒரு பகுதி. சாமான் எங்கே வாங்குவது என்பதில் அவர் கை இருக்கக்கூடாது; என்ன தரத்தில் வாங்குவது என்று மட்டும் எழுதித் தரட்டும், மூன்று இடத்தில் கொட்டேஷன் நீ வாங்கிக்கொள்.

சர்வர் வந்து கிளாஸை எடுத்துப்போனார். அவன் இன்னொரு ஒன் பை டூ சொன்னான்.

"சரி மாமா, இவரையே நாளைக்குக் கூப்பிடறேன்."

"நாளைக்கு வேணாம். ஞாயித்துக்கெழம ஒரு வேலை செய். மெஷின் எல்லாத்தையும் நிறுத்து, ஆள அனுப்பிடு. கம்ப்ரஸர மட்டும் ஓட விடு. காத்து எங்கயும் வேண்டாத நேரம், அது ஒருதரம் நிரம்பி அடங்கணும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப லோடு எடுத்தா எத்தன நிமிஷம் எடுக்குது, எத்தன நிமிஷம் சும்மா இருக்குதுன்னு வாச்சப் பாத்து எழுது. லோடு நேரத்த ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா, உன் குழாய்ல ஒழுகற பங்கு வந்துடும்."

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் வந்தது. ஒன்றரை நிமிஷம் லோடு, மூன்று நிமிஷம் ஓய்வு, ஆறு தடவை பார்த்தும் அதே. கம்ப்ரஸர் தள்ளக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஒழுகுகிறது. எண்ணைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பின்னணியில் ஏதோ சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"அதான் மாமா. அஞ்சு வருஷமா மெஷின் சத்தத்துல காதுல விழவே இல்ல. ஷெட்ல யாருமே இல்ல, செவுரு பூரா சீறிக்கிட்டே இருக்கு."